சாவி யாரிடம் இருந்தது? ‘மூடிய ஜப்பான்’ என்னும் கதை மறைப்பவை

2017 பிப்ரவரியில் ஜப்பானியக் கல்வி அமைச்சகம் பள்ளிப் பாடத்திட்ட நெறிமுறைகளின் வரைவை வெளியிட்டது. தொக்குகாவா காலத்தைக் குறிக்க நெடுங்காலமாக வழங்கிவந்த ‘சகோக்கு’ என்னும் சொல் அதில் இடம்பெறவில்லை. அதற்குப் பதிலாக ‘ஷோகுன் அரசின் அயலுறவுக் கொள்கை’ என்ற தொடர் வந்திருந்தது. வரலாற்றாய்வாளர்கள் பல பத்தாண்டுகளாகச் சொல்லிவந்ததை அமைச்சகம் காலம் தாழ்த்தியேனும் ஏற்றுக்கொண்டதாகத் தோன்றியது. ஆனால் பொதுமக்களிடம் கருத்துக் கேட்டபோது எதிர்ப்பு கிளம்பியது. மார்ச் இறுதியில் வெளியான இறுதி வடிவில் பழைய சொல் தன் இடத்துக்குத் திரும்பிவிட்டது.

‘சகோக்கு’ என்றால் சங்கிலியிட்டுப் பூட்டிய நாடு என்று பொருள். தம் முன்னோரை வீட்டுக்குள் அடைந்துகிடந்தவர்கள் என்று சுட்டும் ஒரு சொல்லைக் காப்பாற்ற ஒரு சமூகம் ஏன் இவ்வளவு முனைய வேண்டும்? அந்தச் சொல் பலருக்கும் பயன்படுகிறது என்பதே விடை. ஜப்பானைத் துப்பாக்கிமுனையில் ‘திறந்த’ அமெரிக்காவுக்கு அது நற்சான்றிதழ் தருகிறது. இருளிலிருந்து நாட்டை மீட்டதாகப் பெருமை பேசிய மெய்ஜி அரசுக்கு அது அடித்தளமாகிறது. ஜப்பானியரின் இன்றைய நடத்தை எதற்கும் ‘தீவு மனப்பான்மை’ என்று ஒற்றை விளக்கம் தேடுவோருக்கு அது உழைப்பை மிச்சப்படுத்துகிறது. இந்தியாவின் வரலாற்று வகுப்பறைகளும் இதற்கு விலக்கல்ல. ‘ஜப்பான் மூடிக் கிடந்தது, 1853இல் பெர்ரி வந்து திறந்தார்’ என்ற வாக்கியம் ஆண்டுதோறும் விடைத்தாள்களில் எழுதப்படுகிறது, மதிப்பெண்ணும் பெறுகிறது. அந்த வாக்கியத்துக்கு இனி மதிப்பெண் தரக் கூடாது.

முதலில் சொல்லின் பிறப்பைப் பார்க்க வேண்டும். 1633 முதல் 1639 வரை ஷோகுன் அரசு அடுத்தடுத்துப் பிறப்பித்த ஆணைகள் எதிலும் ‘சகோக்கு’ என்ற சொல் இல்லை. 1690 முதல் 1692 வரை டச்சு வணிக நிலையத்தில் மருத்துவராக இருந்த எங்கல்பெர்ட் கெம்ப்ஃபர் என்ற ஜெர்மானியர் எழுதிய கட்டுரை ஒன்றை, 1801இல் நாகசாகியைச் சேர்ந்த ஷிசுக்கி தடாவோ டச்சு மொழி வழியாக ஜப்பானிய மொழிக்குப் பெயர்த்தார். நீண்ட தலைப்பைச் சுருக்க அவர் ஆக்கிய சொல்தான் இது. ஆணைகள் வந்து ஏறத்தாழ 160 ஆண்டுகள் கழித்து, ஓர் ஐரோப்பியரின் கண்வழியாக, ஜப்பான் தன்னை ‘மூடிய நாடு’ என்று அழைக்கக் கற்றுக்கொண்டது.

கெம்ப்ஃபர் அந்த மூடலைப் பழிக்கவில்லை என்பது இங்கே கவனத்துக்குரியது. அதை அறிவார்ந்த ஏற்பாடாகவே அவர் கருதினார். 1795இல் இம்மானுவேல் காண்ட் ‘நிலையான அமைதி’ பற்றிய தம் நூலில், ஐரோப்பிய விருந்தாளிகளின் இயல்பைப் பட்டறிந்த சீனாவும் ஜப்பானும் அவர்களைக் கட்டுப்படுத்தியது அறிவுடைமை என்றே எழுதினார். பதினெட்டாம் நூற்றாண்டில் மதிநுட்பம் எனப்பட்டது, பத்தொன்பதாம் நூற்றாண்டில் நோய் எனப்பட்டது. இடையில் மாறியது ஜப்பானன்று; பசிபிக் கடலில் திமிங்கில வேட்டைக் கப்பல்களுக்கும் நீராவிக் கப்பல்களுக்கும் துறைமுகமும் நிலக்கரியும் தேவைப்பட்டன. தேவை உள்ளவனின் மொழியில் அடுத்தவன் வீட்டுக் கதவு எப்போதும் ‘அநியாயமாக மூடிக்கிடப்பது’தான்.

அந்த வீட்டுக்குள் உண்மையில் நடந்தது என்ன? தொக்குகாவா ஜப்பானுக்கு நான்கு வாயில்கள் இருந்தன. நாகசாகி வழியே டச்சுக்காரரும் சீனரும் வணிகம் செய்தனர். சுஷிமா வழியே கொரியாவுடனும், சட்சுமா வழியே ரியூக்யூ அரசுடனும், மட்சுமாயே வழியே வடக்கின் ஐனு மக்களுடனும் உறவு நீடித்தது. 1607 முதல் 1811 வரை கொரிய அரசின் தூதுக்குழுக்கள் பன்னிரண்டு முறை ஜப்பான் வந்தன. ஒவ்வொன்றிலும் சில நூறு பேர் இருந்தனர். அவர்கள் கடந்துசென்ற ஊர்களில் அறிஞர்கள் கவிதை பரிமாறவும் மருத்துவம் பற்றிக் கேட்கவும் வரிசையில் நின்றனர். கொரியாவின் பூசானில் சுஷிமா ஆட்களுக்கென ஒரு குடியிருப்பு இருந்தது. பாடநூல்களில் படத்தோடு இடம்பெறும் நாகசாகியின் தெஜிமா தீவு ஏறத்தாழ 120 மீட்டர் நீளமும் 75 மீட்டர் அகலமும் கொண்டது; பூசான் குடியிருப்பு அதைவிடப் பன்மடங்கு பெரியது. தெஜிமாவை அறிந்த மாணவருக்குப் பூசானைத் தெரியாது. ஐரோப்பியர் நின்ற வாயில் மட்டுமே வாயில் என்று எண்ணப் பழகியதன் விளைவு இது.

தமிழ்க் கடற்கரையும் இந்த ‘மூடிய’ நாட்டோடு தொடர்பில்தான் இருந்தது. சோழமண்டலக் கரையின் கோடிட்ட பருத்தித் துணிகள் டச்சுக் கப்பல்களில் நாகசாகிக்குப் போயின. மயிலாப்பூரை ஒட்டிய சாந்தோமின் பெயரால் அவை ஜப்பானில் ‘சந்தோமே’ என்றே அழைக்கப்பட்டன. பின்னர் ஜப்பானிய நெசவாளர்களே அந்தக் கோடுகளைப் பார்த்து நெய்யத் தொடங்கினர். எதிர்த்திசையில் ஜப்பானியச் செம்பு சோழமண்டலத்துக்கும் வங்கத்துக்கும் வந்தது. நெய்தவருக்கும் உடுத்தியவருக்கும் இடையில் கடலும் ஒரு வணிக நிறுவனமும் ஓர் அரசின் உரிமச் சீட்டும் இருந்தன. மதில் இருக்கவில்லை.

அறிவும் அப்படியே. 1720இல் ஷோகுன் யோஷிமுனே, கிறித்தவ சமயம் சாராத அயல்நூல்கள் மீதிருந்த தடையைத் தளர்த்தினார். டச்சு மொழி வழியே வந்த உடற்கூற்று நூல் 1774இல் சுகிதா கென்பாக்கு முதலானோரால் வெளியிடப்பட்டது. அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன் எடோவின் கொலைக்களத்தில் ஓர் உடல் அறுக்கப்பட்டதை அந்த மருத்துவர்கள் கண்டபோதுதான் நூலின் படங்கள் சரி என்று உறுதிப்பட்டது. கத்தியைப் பிடித்து உறுப்புகளை ஒவ்வொன்றாகக் காட்டியவர், தீண்டத்தகாதோராக ஒதுக்கப்பட்ட பிரிவைச் சேர்ந்த ஒரு முதியவர். மேலை அறிவு ஜப்பானுக்குள் நுழைந்த கதையில் மருத்துவர்களின் பெயர்கள் நிலைத்தன. அறுத்துக் காட்டியவரின் பெயர் நிலைக்கவில்லை. இந்திய வாசகருக்கு இந்த மௌனத்தை விளக்கத் தேவையில்லை.

இவ்வளவும் சொன்ன பிறகு, ‘ஆக, சகோக்கு என்று ஒன்று இருக்கவே இல்லை’ என்ற முடிவுக்குத் தாவுவோர் உள்ளனர். மறுவாசிப்பின் பெயரால் நிகழும் இந்தத் தாவலும் அதே அளவு தவறானது. 1635இன் ஆணை, அயல்நாடு செல்லும் ஜப்பானியருக்கும் அங்கிருந்து திரும்பிவரும் ஜப்பானியருக்கும் மரண தண்டனை விதித்தது. 1640இல் வணிக உறவைப் புதுப்பிக்க வேண்டி மக்காவிலிருந்து வந்த போர்த்துக்கீசியக் குழுவினரில் 61 பேர் நாகசாகியில் தலை துண்டிக்கப்பட்டனர். 1828இல் ஜெர்மானிய மருத்துவர் சீபோல்டுக்கு ஜப்பானின் நிலப்படத்தைத் தந்த குற்றத்துக்காக அரசு வானியலாளர் தக்காஹாஷி ககேயாசு சிறையிலடைக்கப்பட்டு அங்கேயே மாண்டார். அவர் உடலை உப்பிட்டுப் பாதுகாத்து, பிறகு அதற்கு மரண தண்டனை வாசித்தது அரசு. 1837இல் கடலில் தத்தளித்து மீட்கப்பட்ட ஏழு ஜப்பானியரை வீடு சேர்க்க வந்த ‘மாரிசன்’ என்ற அமெரிக்கக் கப்பல், எடோ விரிகுடாவில் ஒருமுறையும் ககோஷிமாவில் ஒருமுறையும் பீரங்கியால் விரட்டப்பட்டது. அந்தச் செயலைக் குறைகூறி எழுதிய ஓவியர் வத்தனாபே கசான் 1839இல் கைதானார். 1841இல் தற்கொலை செய்துகொண்டார்.

துணி வந்தது, செம்பு போனது, நூல் வந்தது, தூதர் வந்தனர். மீனவன் மட்டும் வீடு திரும்ப முடியவில்லை. இரண்டு உண்மைகளையும் சேர்த்துப் பார்க்கும்போதுதான் பொருள் விளங்குகிறது. தொக்குகாவா ஆட்சி நாட்டை மூடவில்லை. சாவியைத் தன் இடுப்பில் செருகிக்கொண்டது. எது நுழையலாம், யார் வழியாக, யாருடைய ஆதாயத்துக்காக, யார் அறியலாம் என்பவற்றை ஒரே கை முடிவு செய்தது. நாககாமா மன்ஜிரோவின் வாழ்க்கை இதற்குச் சான்று. 1841இல் பதினான்கு வயதில் கடலில் சிக்கி அமெரிக்கத் திமிங்கிலக் கப்பலால் மீட்கப்பட்ட அந்த மீனவச் சிறுவன், பத்தாண்டு கழித்து நாடு திரும்பியபோது மாதக்கணக்கில் விசாரிக்கப்பட்டான். 1853இல் அமெரிக்கக் கப்பல்கள் வந்ததும் அதே அரசு அவனை எடோவுக்கு அழைத்து உயர்நிலை வழங்கியது. அவனிடம் இருந்த அறிவு மாறவில்லை. அரசின் தேவை மாறியது.

மூடல் தொன்றுதொட்ட மரபு என்பதும் பின்னாளின் ஆக்கமே. 1792இல் ரஷ்யத் தூதர் ஆடம் லக்ஸ்மன் வடக்கே வந்திறங்கி வணிகம் கேட்டபோதுதான், புதிய நாடுகளோடு உறவு கொள்வதை நாட்டின் பழஞ்சட்டம் தடுக்கிறது என்ற வாதத்தை ஆட்சியாளர்கள் வடித்தெடுத்தனர். 1844இல் டச்சு மன்னர் இரண்டாம் வில்லியம் கதவைத் திறக்குமாறு அறிவுரை எழுதியபோது, ‘முன்னோர் சட்டம்’ என்ற அதே பதில் மேலும் இறுக்கமாகத் தரப்பட்டது. இக்கட்டு நேர்ந்தபோது கண்டெடுக்கப்பட்ட மரபு அது. எந்த நாட்டிலும் ‘எங்கள் தொன்மரபு’ என்று ஓர் அரசு உரத்துச் சொல்லும்போது, அந்த மரபுக்கு எத்தனை வயது என்று கேட்பது வரலாற்று மாணவரின் முதற்கடமை.

இனி ‘திறப்பு’க்கு வருவோம். 1853 ஜூலையில் பெர்ரியின் நான்கு கப்பல்கள் வந்தது எதிர்பாராத இடி என்று எழுதப்படுகிறது. டச்சுக்காரர்கள் அதை 1852லேயே ஷோகுன் அரசுக்குத் தெரிவித்திருந்தனர். 1854இன் உடன்படிக்கை ஷிமோதா, ஹக்கோதாதே ஆகிய இரு துறைமுகங்களைத் திறந்தது. 1858இன் உடன்படிக்கைகள் ஜப்பான் தன் சுங்கவரியைத் தானே விதிக்கும் உரிமையைப் பறித்தன. அயல்நாட்டவர் ஜப்பானிய நீதிமன்றத்துக்கு உட்படாத நிலையை உண்டாக்கின. சுங்க உரிமையை முழுமையாக மீட்க ஜப்பானுக்கு 1911 வரை ஆயிற்று. இதற்குத்தான் ‘உலகுக்குத் திறத்தல்’ என்று பெயர்.

உள்ளூர் எளியவருக்கு அந்தத் திறப்பு எதைத் தந்தது? 1868 ஏப்ரலில் புதிய மெய்ஜி அரசு ஐந்து உறுதிமொழிகளை வெளியிட்டது; உலகெங்கிலுமிருந்து அறிவைத் தேடுவோம் என்பது அவற்றுள் ஒன்று. இன்றும் எல்லா நூல்களிலும் மேற்கோள் காட்டப்படுவது அது. மறுநாளே அந்த அரசு நாடெங்கும் அறிவிப்புப் பலகைகளை நட்டது. அவற்றுள் ஒன்று கிறித்தவத்தைத் தடைசெய்தது. இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேலாகத் தம் நம்பிக்கையை மறைத்துக் காத்து, 1865இல் நாகசாகித் தேவாலயத்தில் வெளிப்பட்ட உராக்காமி கிராமத்தவர் 3,000க்கும் மேற்பட்டோர் ஊரைவிட்டு அகற்றப்பட்டு மாகாணங்களுக்குச் சிதறடிக்கப்பட்டனர். அவர்களுள் 600க்கும் மேற்பட்டோர் அங்கேயே மாண்டனர். 1873இல் தடைப் பலகைகள் இறக்கப்பட்டதற்கு மேலை அரசுகளின் கண்டனமும் ஒரு காரணம். ‘திறந்த’ ஜப்பானின் முதல் ஐந்தாண்டுகள் அந்த உழவர்களுக்கு 1630களின் தொடர்ச்சியாகவே இருந்தன.

அண்டை நாடுகளுக்கு அது தந்தது இதைவிடக் கொடிது. முன்பு சொன்ன நான்கு வாயில்களை மீண்டும் நினைவில் கொள்ளலாம். வடக்கே ஐனு மண்ணுக்கு 1869இல் ஹொக்கைதோ என்று பெயர் சூட்டி அரசு தன்னுடையதாக்கிக்கொண்டது. 1609 முதலே சட்சுமாவின் பிடியில் இருந்தும் தன் மன்னரை இழக்காத ரியூக்யூ, 1879இல் ஒக்கினாவா மாவட்டமாயிற்று. 1875இல் ஜப்பானியப் போர்க்கப்பல் ஒன்று கொரியாவின் கங்ஹ்வா தீவருகே மோதலை உண்டாக்கியது. மறு ஆண்டு கொரியாவின் மேல் ஓர் உடன்படிக்கை சுமத்தப்பட்டது. துறைமுகத் திறப்பும், ஜப்பானியர் கொரிய நீதிமன்றத்துக்கு உட்படாமையும் அதன் உள்ளடக்கம். பெர்ரியிடம் பெற்ற பாடத்தை 22 ஆண்டுகளில் அடுத்த வீட்டில் ஒப்பித்துக் காட்டியாயிற்று. 1910இல் கொரியா முழுவதும் விழுங்கப்பட்டது. நான்கு வாயில்களில் மூன்றுக்கு வெளியே இருந்த மக்கள், ஜப்பான் ‘மூடியிருந்த’ காலத்தில் அண்டையராக இருந்தனர். ‘திறந்த’ காலத்தில் குடிமைப்படுத்தப்பட்டவர் ஆயினர். மட்சுமாயேயின் சுரண்டலும் சட்சுமாவின் படையெடுப்பும் முந்தைய காலத்தவை என்பதை மறக்க வேண்டியதில்லை. ஆயினும் திறப்பு விடுதலை தரும் என்ற சமன்பாட்டை ஐனு மொழியிலோ கொரிய மொழியிலோ எழுத இயலாது.

யோஷிதா ஷோயின் இங்கே சரியான எடுத்துக்காட்டு. 1854இல் பெர்ரியின் கப்பலில் ஏறி மேலை அறிவைக் கற்க முயன்று பிடிபட்ட இளைஞர் என்று அவர் கொண்டாடப்படுகிறார். அந்தக் குற்றத்துக்காகச் சிறையிருந்தபோது அவர் எழுதிய நூலில் கம்சட்கா, ரியூக்யூ, கொரியா, மஞ்சூரியா, தைவான், லூசோன் எனப் படிப்படியாகக் கைக்கொள்ள வேண்டியவற்றின் பட்டியல் இருக்கிறது. உலகைக் காணும் வேட்கையும் உலகைக் கவரும் வேட்கையும் அந்த ஒரே நெஞ்சில் முரணின்றிக் குடியிருந்தன. ‘மூடியவர் பிற்போக்கர், திறந்தவர் முற்போக்கர்’ என்ற வாய்பாடு இவர் முன் நிற்காது.

போர்த் தோல்விக்குப் பின் 1950இல் மெய்யியலாளர் வாட்சுஜி டெட்சுரோ வெளியிட்ட நூலின் பெயர் ‘சகோக்கு: ஜப்பானின் அவலம்’. அறிவியல் மனப்பான்மை வேரூன்றாமற் போனதற்கும், அதன்வழி நேர்ந்த பேரழிவுக்கும் மூலத்தை அவர் பதினேழாம் நூற்றாண்டின் மூடலில் தேடினார். தோற்ற சமூகம் தன்னைத்தானே கேள்வி கேட்ட நேர்மை அதில் உண்டு. ஆனால் குற்றவாளி மாறிவிட்டார். 1931இல் மஞ்சூரியாவைக் கைப்பற்றிய படை, ஜெர்மானிய முறையில் பயின்ற, நவீன ஆலைகளில் ஆயுதம் செய்த, உலகச் சந்தையை அளந்து பார்த்த அரசின் படை. தொக்குகாவா ஆட்சியின் இரண்டரை நூற்றாண்டுகளில் ஜப்பானிய மையப்படை எந்தக் கண்டத்தின் மீதும் பாயவில்லை. பேரரசுக் கனவின் பொறுப்பை இறந்துபோன ஷோகுன்கள்மீது சுமத்தியபோது, மெய்ஜி அரசு குற்றவாளிக் கூண்டிலிருந்து நழுவிச் சென்றது.

இந்தியாவில் இந்தக் கதைக்கு இரட்டைப் பயன். தற்சார்பை வலியுறுத்துவோர், கதவை அடைத்ததால்தான் ஜப்பான் காலனியாகாமல் தப்பியது என்கின்றனர். தாராளமயத்தை வலியுறுத்துவோர், கதவைத் திறந்ததால்தான் ஜப்பான் வல்லரசாயிற்று என்கின்றனர். இரு தரப்பும் ஒரே படத்தைத்தான் வைத்திருக்கின்றன. தலைகீழாகப் பிடித்திருப்பவர் யார் என்பதில்தான் சண்டை. இருவரும் கேட்காத கேள்வி, அந்த அடைப்புக்கும் திறப்புக்கும் விலை கொடுத்தவர் யார் என்பது. அந்தக் கேள்வியை முன்பே கேட்ட இந்தியர் ஒருவர் உண்டு. 1916இல் ஜப்பானில் உரையாற்றிய தாகூர், மேலை நாடுகளின் தேசியவெறியை ஜப்பான் இரவல் வாங்குவதன் ஆபத்தை அந்நாட்டு மேடையிலேயே எடுத்துரைத்தார். வரவேற்ற கைகள் விரைவில் விலகின. 1938இல் சீனாவின் மீதான போரை நியாயப்படுத்திய கவிஞர் யோனே நொகுச்சியோடு அவர் நடத்திய கடித விவாதம் அந்த நட்பையே முறித்தது. ஜப்பான் திறந்திருக்கிறதா என்று தாகூர் கேட்கவில்லை. திறந்துகொண்டு என்ன செய்கிறது என்று கேட்டார்.

சாவியின் கதை 1945இல் முடிந்துவிடவில்லை. 1952 ஏப்ரலில் சமாதான உடன்படிக்கை நடைமுறைக்கு வந்த நாளில், ஜப்பானில் வாழ்ந்த கொரியரும் தைவானியரும் ஜப்பானியக் குடியுரிமையை இழந்தனர். பேரரசுக்குத் தேவைப்பட்டபோது குடிமக்கள், தேவை தீர்ந்தபோது அயலார். 1990இல் தொழிலாளர் பற்றாக்குறையால் ஜப்பானிய வம்சாவளிப் பிரேசிலியருக்குக் கதவு திறந்தது. 2009இல் பொருளாதாரம் சரிந்ததும், தலைக்கு 3 லட்சம் யென் தந்து, அதே தகுதியில் திரும்பி வரக் கூடாது என்ற நிபந்தனையுடன் வேலையிழந்தோரை அரசு வழியனுப்பியது. 1993இல் தொடங்கிய ‘தொழில்நுட்பப் பயிற்சியாளர்’ திட்டம், பயிற்சி என்ற பெயரில் மலிவான உழைப்பைக் கொண்டுவந்தது. கடும் கண்டனங்களுக்குப் பின் 2024இல்தான் அதற்கு மாற்றாக வேறொரு திட்டத்துக்குச் சட்டம் இயற்றப்பட்டது.

2020இன் கொள்ளைநோய்க் காலம் இதைப் பல்கலைக்கழகங்களின் வாசலுக்கே கொண்டுவந்தது. ஜப்பானில் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்து வரி செலுத்திய அயல்நாட்டவர், வெளியே சென்றிருந்த ஒரே காரணத்தால் மாதக்கணக்கில் வீடு திரும்ப முடியாமல் தவித்தனர்; ஜப்பானியக் கடவுச்சீட்டு உடையோர் அதே விமானங்களில் திரும்பினர். 2022 தொடக்கத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் அனுமதிக் கடிதத்தோடு வெளியே காத்திருந்தனர். கிருமி கடவுச்சீட்டைப் பார்ப்பதில்லை. இதழ்கள் மீண்டும் ‘சகோக்கு’ என்று எழுதின. அந்தச் சொல் மீண்டும் உண்மையை மறைத்தது. சரக்குக் கப்பல்கள் நிற்கவில்லை, முதலீடு நிற்கவில்லை. நின்றது, கையில் ஆய்வுத் திட்டமும் முகத்தில் அயல்நாட்டுச் சாயலும் கொண்ட மனிதர்கள்.

எல்லா அரசுகளும் எல்லைகளைக் காப்பதுண்டே, ஜப்பானை மட்டும் ஏன் குறைகூற வேண்டும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி, இந்த வாதத்துக்கு வலுச்சேர்க்கும் கேள்வியும்கூட. மத்தியதரைக் கடலில் படகுகளைத் தடுக்கும் ஐரோப்பாவை யாரும் ‘மூடிய கண்டம்’ என்று பாடநூலில் எழுதுவதில்லை. ஜப்பானின் செயலை மட்டும் இனக்குணமாகவும் பிறர் செயலைக் கொள்கையாகவும் வாசிப்பதே பிழை. கொள்கை என்று பெயரிட்டால், அதை வகுத்தவரைக் கேள்வி கேட்கலாம், மாற்றலாம். குணம் என்று பெயரிட்டால் வியக்கவோ வெறுக்கவோ மட்டுமே முடியும். மரணத்தை எதிர்கொண்டு தன் அரசை விமர்சித்த வத்தனாபே கசானும் ஜப்பானியர்தாம். அவரை ‘தீவு மனப்பான்மை’க்குள் அடக்குவது அவரை இரண்டாம் முறை தண்டிப்பதாகும்.

வகுப்பறையில் செய்யத்தக்கது எளிது. ‘ஜப்பானைத் திறந்தவர் யார்?’ என்ற ஒரு மதிப்பெண் வினாவை நீக்கிவிட்டு, ‘1837இல் மாரிசன் கப்பலில் வந்த ஏழு பேரும் 1868இல் உராக்காமியிலிருந்து அகற்றப்பட்டவர்களும் எந்த அரசின் கீழ், எந்தக் காரணத்தால் வீடிழந்தனர்?’ என்று கேட்கலாம். விடை எழுத மாணவருக்குச் சற்று அதிக நேரம் ஆகும். முதற்கூட்டத்தை விரட்டியது ‘மூடிய’ அரசு, இரண்டாம் கூட்டத்தை விரட்டியது ‘திறந்த’ அரசு என்று எழுதி முடிக்கும்போது, அந்த இரு சொற்களும் எதையும் விளக்கவில்லை என்பது அவருக்கே தெரிந்திருக்கும்.